ஒதுக்கி வைத்த கூழாங்கல்

சளக்! சளக்!

பனி ஏரியை மூடியிருந்தது. எதுவும் தெரியவில்லை. தண்ணீரை யாரோ அடிக்கும் ஓசை மட்டும் கிழக்கே கேட்டது.

வெயில் ஏறியதும் கூழைக்கடாக்கள் தெரிந்தன. இருபத்திரண்டு பறவைகள் பிறை போல வளைந்து நின்று, மீன்களைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தன. அவற்றுக்குத் தலைவர் என்று யாரும் இல்லை. இடப்பக்கத்துப் பறவையைப் பார், வலப்பக்கத்துப் பறவையைப் பார். அவை நகர்ந்தால் நகர். நின்றால் நில். அவ்வளவுதான் வழக்கம். கருவேல மரங்களில் இருந்த குஞ்சுகள் அதனால்தான் வயிறாரச் சாப்பிட்டன.

நெடுவாயன் என்ற கூழைக்கடாவுக்கு மட்டும் இது பொறுக்கவில்லை. இறகு சுளுக்கிப் பத்து நாள் கரையில் கிடந்தபோது, மற்ற இருபத்தொரு பறவைகளுக்கும் ஆளுக்கொன்றாகச் சேற்றில் கூழாங்கற்களை வரிசையாக வைத்தது. பறவைகள் நகர நகரக் கற்களையும் நகர்த்திப் பார்த்தது. எல்லாக் கல்லும் சொன்னபடி கேட்டது, ஒரு கல்லைத் தவிர! அது கோணச்சியின் கல்.

கிழக்கு முனை வந்ததும் கோணச்சி வரிசையை விட்டுச் சட்டென்று விலகிவிடும். இறகால் தண்ணீரை அடிக்கும். பக்கத்தில் நிற்பவை இடைவெளியை அடைக்க நகரும். பிறை கோணிப்போகும்.

நெடுவாயன் அந்தக் கல்லை எடுத்து அப்பால் வைத்தது. பிறை என்ன அழகு!

இறகு ஆறியதும் கூட்டத்தைக் கூட்டியது.

"இனி யாரும் பக்கத்தைப் பார்க்க வேண்டாம். மொட்டை மரத்தின் மேல் நான் நிற்பேன். அலகைத் தூக்கினால் முன்னே போங்கள். இறகை விரித்தால் நில்லுங்கள்!"

"எங்களுக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டால்?" என்றது பைத்தாடி. அதற்குக் கூட்டில் இரண்டு குஞ்சுகள்.

"கிண்டல் வேண்டாம்! கோணச்சி, நீ கரையிலேயே இரு. உன்னால்தான் வரிசை கெடுகிறது."

"சரிங்கண்ணே. ஆனா அந்தக் கிழக்கு முனையிலே..."

"விளக்கம் கேட்கவில்லை!"

கோணச்சி கரையேறியது.

மறுநாள் இருபது பறவைகளும் அளந்து வைத்தது போல நகர்ந்தன. மரத்தின் மேல் நெடுவாயனுக்குப் பெருமை தாங்கவில்லை. அலகுகள் ஒன்றாக மூழ்கின. ஒன்றாக எழுந்தன. எல்லா அலகுப் பையிலும் வெறும் தண்ணீர்!

"மீன் குறைந்துவிட்டது" என்றது நெடுவாயன்.

இரண்டாம் நாளும் தண்ணீர்தான். "பைத்தாடி, நீ பக்கத்தைப் பார்த்தாய்! நான் கவனித்தேன்!"

"பார்க்கலேப்பா. பார்த்திருந்தா ஒரு மீனாவது கிடைச்சிருக்கும்."

மூன்றாம் நாள் மரங்களில் சத்தமே இல்லை. குஞ்சுகள் கத்துவதை நிறுத்திவிட்டன. நெடுவாயன் தன் குஞ்சின் முன் வாயைத் திறந்தது. குஞ்சு தலையை உள்ளே விட்டுப் பார்க்கக்கூட எழவில்லை.

நெடுவாயன் யாரிடமும் சொல்லாமல் கிழக்கு முனைக்குப் போய், அலகை முழுவதும் நீட்டித் தண்ணீரில் விட்டது. தரை தட்டவில்லை. யாரோ எப்போதோ வண்டல் அள்ளிப்போன குழி அங்கே இருந்தது. அலகுகளுக்கு எட்டாத அந்த ஆழத்தின் வழியே மீன்கள் நழுவி ஓடிக்கொண்டிருந்தன. கோணச்சி தினமும் குழியின் மேல் போய் இறகால் அடித்து, அந்த மீன்களைத் திருப்பியிருக்கிறது!

பத்து நாளும் அந்த ஓசை நெடுவாயனின் காதில் விழுந்திருந்தது. வெறும் இரைச்சல் என்று விட்டுவிட்டது. கூழாங்கற்களைப் பரப்பிய சேற்றில் குழியும் இல்லை, பசியும் இல்லை.

கரையில் இறகு கோதிக்கொண்டிருந்த கோணச்சியிடம் போனது. நெடுவாயனின் தலை நிமிரவில்லை.

"தங்கச்சி... அந்தக் குழி..."

"பார்த்தீங்களா?"

"ஏன் சொல்லவில்லை?"

"சொல்ல வந்தேன். நீங்க கல்லோட பேசிட்டிருந்தீங்க."

"வருவாயா?" என்று மட்டும் கேட்டது நெடுவாயன். கோணச்சி ஏற்கெனவே தண்ணீரில் இறங்கியிருந்தது.

அன்று மீன் கிடைத்தது. நெடுவாயனின் குஞ்சு தலையைத் தூக்கியது. ஆனால் பைத்தாடியின் கூட்டில் இரண்டில் ஒன்று எழவே இல்லை.

பைத்தாடி திட்டியிருந்தால்கூட நெடுவாயன் தாங்கியிருக்கும். ஆனால் அது மறுநாள் காலை வரிசையில் ஓர் இறகு அகலம் தள்ளி நின்று, தன் பக்கத்தில் நெடுவாயனுக்கு இடம் விட்டது. அவ்வளவுதான். நெடுவாயன் அதன் முகத்தைப் பார்க்க முடியாமல், கழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வந்து நின்றது.

கூட நிற்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டறியாமல் அவர்களை ஆட்டிவைக்கப் புறப்படுபவனின் பிழைக்கு, பாவம், வேறு யாரோ பட்டினி கிடக்கிறார்கள்.

பனிக்குள் சளக் என்று கேட்டது. பைத்தாடி ஓர் அடி முன்னே போனது. நெடுவாயனும் ஓர் அடி முன்னே போய், அலகைத் தண்ணீரில் விட்டது.