பூவாயியின் அண்டாக் கச்சேரி

அரண்மனையில் பாத்திரம் தேய்க்கிற பூவாயி கை வைத்தால் அண்டாகூடத் தாளம் போடும். ஆஸ்தான வித்துவான் கனகசபைக்கோ அது காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது மாதிரி இருந்தது.

"இந்த இரைச்சலில் எப்படிச் சாதகம் பண்ணுவது? அவளை விரட்டுங்கள், மகாராஜா" என்று போய் நின்றார்.

"சபையில் வாசிக்கட்டும். சங்கீதமா, சத்தமா என்று நீரே சொல்லும். சத்தமென்றால் அவளுக்கு வேலை போச்சு" என்றார் ராஜா.

எதிரியே நீதிபதி. பூவாயி அசரவில்லை. அண்டாவைக் கவிழ்த்தாள், கொட்டாங்குச்சிகளைப் பரப்பினாள், காலில் கலகலக்கும் வாகை நெற்றுகளைக் கட்டிக்கொண்டாள். கரண்டி இறங்கியது. காவல்காரன் ஈட்டியால் தரையைத் தட்ட ஆரம்பித்தான். தலையாட்டிய வேகத்தில் மந்திரியின் தலைப்பாகை கழன்று ராஜா மடியில் விழுந்தது.

வித்துவான் மட்டும் உலக்கையை விழுங்கினவர் போல உட்கார்ந்து, "வெறும் சத்தம்" என்றார்.

பூவாயி வேண்டுமென்றே ஓர் அடியைத் தவறவிட்டாள்.

"அடியே, தாளம் தப்புது" என்று கத்தியேவிட்டார் வித்துவான்.

பூவாயி கரண்டியைக் கீழே வைத்தாள். "வெறும் சத்தத்துல தாளம் ஏதுங்க சாமி, தப்புறதுக்கு?"

சபையே வித்துவான் பக்கம் திரும்பியது. அவர் கையோ இன்னும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது.