மரகதம் தைத்த போர்வை

"அன்னைக்கு ஏன் சாமி அப்படிச் சொன்னீங்க?"

வாசலில் வந்து நின்றவரை மரகதம் உள்ளே கூப்பிடக்கூட இல்லை. வாயில் முதலில் வந்தது இந்தக் கேள்விதான்.

சதாசிவ சாமி மலைமேல் இருக்கும் மடத்திலிருந்து தனியாக பஸ் ஏறி வந்திருந்தார். ஒரு கை கதவு நிலையைப் பிடித்திருந்தது.

"போர்வையை வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேம்மா."

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மரகதம் அவருடைய சிஷ்யை. மடத்துக்கு வந்து போகிறவர்களிடம் பழந்துணி கேட்டு வாங்கி, வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்து, ஒரு வருஷம் முழுக்க உட்கார்ந்து கையாலேயே அந்தப் போர்வையைத் தைத்தாள். மார்கழி முதல் நாள், கூட்டத்தின் நடுவே அவர் முன்னால் விரித்தாள்.

"எல்லாத்தையும் விட்டவனுக்கு இது எதுக்கு? எடுத்துட்டுப் போ" என்றார் அவர்.

யாரோ சிரித்தார்கள்.

போர்வையைச் சுருட்டிக்கொண்டு மலையிறங்கியவள்தான். அப்புறம் இந்த ஊரில் ரவிக்கை தைத்துப் பிழைத்தாள். இன்னொரு போர்வை தைக்க அவளுக்குக் கை வரவில்லை.

"அது இப்ப இல்லை சாமி. யாருக்கோ கொடுத்துட்டேன்."

"அப்படியா. நல்லதும்மா."

அவர் திரும்பினார். காலால் தடவித் தடவிப் படியிறங்கினார். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். மூன்று படிதான். அதற்கே அத்தனை நேரம் ஆயிற்று.

"நில்லுங்க சாமி. பொய் சொன்னேன். உள்ள வாங்க."

டிரங்குப் பெட்டியைத் திறந்து போர்வையை எடுத்து அவர் மடியில் வைத்தாள். அவர் அதை விரிக்கவில்லை. மேலாகத் தெரிந்த துண்டுகளை விரலால் தொட்டார்.

"இது டிரைவர் சவரிமுத்துவோட காக்கிச் சட்டை."

"ஆமா."

"இது நர்ஸம்மா சேலை. இது தொட்டில் துணி. பேரு வைக்கறதுக்கு முன்னாடியே போயிடுச்சே, அந்தப் பிள்ளையோடது."

மரகதம் குனிந்து அந்தத் துண்டைப் பார்த்தாள்.

அவர் விரல் ஓரத்தில் இருந்த ஒரு நீலத் துண்டில் நின்றது. "இது உன்னோடது. முதல் நாள் மடத்துக்கு வந்தப்ப கட்டியிருந்த புடவை."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"நீங்க அன்னைக்கு இதைப் பாக்கவே இல்லைன்னுல்ல நினைச்சேன்."

"பாத்தேம்மா. ஒவ்வொண்ணாப் பாத்தேன். இன்னும் கொஞ்ச நேரம் பாத்திருந்தா அத்தனை பேர் முன்னாடி அழுதிருப்பேன். பயந்துட்டேன்."

மரகதம் தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் உங்க கூடவே இருந்திருந்தா, இந்தப் பன்னெண்டு வருஷத்துல எவ்வளவோ கத்துக்கிட்டிருப்பேன்" என்றாள். "நீங்க என்ன சாமி கத்துக்கிட்டீங்க?"

அவர் யோசித்தார். சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, மறுபடி அவளைப் பார்த்தார்.

"மரகதம், எனக்குக் குளிருதும்மா."