கிளை ஏறாத பறவை

அந்தக் காலத்தில் பறவைகள் எல்லாம் ஒரே பேச்சுப் பேசின. கிளையில் வாழ்ந்தவையும் தரையில் வாழ்ந்தவையும் ஒன்றையொன்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டன. அப்போது ஒரு பெரிய ஏரிக்கரையில் செங்கண்ணி என்று ஒருத்தி இருந்தாள். நீண்ட மஞ்சள் கால், கண்ணோரம் சிவப்பு. இன்றைக்கு நாம் ஆள்காட்டிக் குருவி என்கிறோமே, அந்தக் குலத்துக்கே மூத்தவள். அன்றைக்கு அவர்களுக்கு அந்தப் பெயர் கிடையாது. மற்றவர்களைப் போல மரத்தில்தான் கூடு கட்டிக் குடியிருந்தார்கள்.

அப்போதெல்லாம் படிப்பு பெரிய கூடுகளுக்கு மட்டும்தான். நாரைகளும் கழுகுகளும் தங்கள் பிள்ளைகளுக்கு வீட்டோடு வாத்தியார் வைத்துக்கொண்டன. எந்தப் பழம் விஷம், எந்தக் காற்றுக்குப் பின்னால் மழை, புல் எப்படி அசைந்தால் பாம்பு என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரியாததாலேயே செத்துப்போயின. ஒரு கோடையில் செங்கண்ணியின் மூத்த மகன் பளபளவென்று பழுத்திருந்த எட்டிப் பழத்தைக் கொத்தித் தின்றுவிட்டு, அவள் கண்ணெதிரிலேயே இழுத்துக்கொண்டு கிடந்து உயிரை விட்டான்.

அவள் கூட்டுக்குள் முடங்கிக் கிடக்கவில்லை. ஏரியைச் சுற்றி ஒவ்வொரு கூடாகப் போய், "எல்லாருக்கும் பொதுவா ஒரு பள்ளிக்கூடம் வேணும்" என்று கேட்டாள். சிலர் சிரித்தார்கள். சிலர் கதவைச் சாத்தாத குறைதான். கடைசியில் மரங்கொத்தி ஒருவன் கூட வந்தான். அவன் வந்ததைப் பார்த்து மைனாக்கள் வந்தன, பிறகு காடைகளும் கௌதாரிகளும் வந்து ஒரு மருதமரத்தடியை முள் பொறுக்கிச் சுத்தம் செய்தன. "மரத்திலே என்னக்கா எழுதறது?" என்று மரங்கொத்தி கேட்டான். "எந்தக் கூட்டுப் பிள்ளைக்கும் இங்கே இடம் உண்டுன்னு எழுது" என்றாள். அப்படியே கொத்தி வைத்தான்.

பள்ளிக்கூடம் நன்றாகத்தான் நடந்தது. ஆந்தை வந்து இருட்டைப் பற்றிச் சொன்னார். நீர்க்கோழி நீச்சல் சொல்லிக்கொடுத்தாள். அந்த மருதமரத்தடியில் படித்த பிள்ளைகள் சாகாமல் பெரியவர்களானார்கள். பெயர் பரவியது. பெயர் பரவியதும் பெரிய கூட்டுப் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். அவர்களோடு தலைமையாசிரியராக வெண்ணாரையாரும் வந்தார்.

வந்ததுமே அவர், "கீழே ஒரே புழுதி. மேல்கிளையில் நல்ல காற்று" என்று வகுப்புகளை மேலே ஏற்றினார். அடுத்த பருவத்தில், கிளை வரைக்கும் ஒரே மூச்சில் தானாகப் பறந்து வருகிற பிள்ளைக்குத்தான் இனி இடம் என்றார். "தரம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?" என்று செங்கண்ணியைப் பார்த்துக் கேட்டார். அவளுடைய இளைய மகன் மணியன் அப்போது மேல்கிளையில் முதல் மாணவன். அவள் தலையை ஆட்டிவைத்தாள்.

அந்தப் பருவத்தில் புழுதியாள் என்ற காடை தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பெண்ணின் பெயர் கடுகு. உருவமும் அதற்கேற்றாற்போலத்தான். பாவம், குட்டி இறக்கையை அடித்து அடித்துப் பார்த்தது. பாதி அடிமரம்கூட ஏற முடியவில்லை.

"அக்கா, இந்த இடத்து முள்ளை நானும்தானே பொறுக்கினேன். நீ ஒரு வார்த்தை சொன்னா நாரை கேப்பாரு" என்றாள் புழுதியாள்.

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே புழுதி. அடுத்த பருவம் பாக்கலாம்" என்றாள் செங்கண்ணி. சொல்லும்போது அவளால் காடையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கடுகு வீட்டுக்குப் போகவில்லை. தினமும் மரத்தடியில் வந்து நின்று, மேலே நடக்கும் பாடத்தை அண்ணாந்து கேட்டது. பாதி காதில் விழும், பாதி காற்றோடு போகும்.

மேல்கிளைப் பிள்ளைகள் படிப்பு முடித்து வெளியேறும் விழா வந்தது. பெற்றோர்கள் வரிசையாகக் கிளையில் உட்கார்ந்திருந்தார்கள். நாரையார் பேசிக்கொண்டிருந்தார். அவர் பேசும்போது யாரும் மூச்சுவிடக்கூடாது என்பது வழக்கம். அடுத்து மணியனின் பெயரைக் கூப்பிட வேண்டியதுதான் பாக்கி. அப்போது கீழே புல் அசைந்ததைச் செங்கண்ணி பார்த்தாள். சாரைப்பாம்பு. கடுகு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது.

செங்கண்ணி வாயைத் திறந்தாள். நாரையார் பேச்சை நிறுத்தாமலே திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அதுவாக ஓடிவிடும், இவன் பெயரைக் கூப்பிடட்டும் என்று நினைத்து அவள் வாயை மூடிக்கொண்டாள்.

கடுகு ஓடவில்லை. பாம்பைப் பற்றிய பாடம் அதன் காதுக்கு எட்டவே இல்லை.

கூட்டம் கலைந்ததும் செங்கண்ணி மகனிடம் போனாள். "டேய், கீழே பாம்பு வந்ததை நீ பாத்தியா?"

"புல்லு அசைஞ்சப்பவே தெரிஞ்சுதும்மா. அதைத்தானே முதல் பாடமா படிச்சோம்."

"பின்னே ஏண்டா கத்தலை?"

மணியன் அவளைப் புரியாமல் பார்த்தான். "அவ நம்ம பள்ளிக்கூடத்துப் பிள்ளை இல்லையேம்மா."

அவன் தெரியாமல் பேசுகிற பிள்ளை இல்லை. நன்றாகப் படித்த பிள்ளை.

கீழே இறங்கினாள். புழுதியாள் தன் மகள் நின்ற இடத்தில் உட்கார்ந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். ஓர் இறகு கிடைத்திருந்தது. அழவில்லை. "மேலேர்ந்து எல்லாம் நல்லாத் தெரியும், இல்லையாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

அப்போதுதான் செங்கண்ணி கத்த ஆரம்பித்தாள். பாம்பு எப்போதோ போய்விட்டது. ஏரி முழுக்கக் கேட்கும்படி, தொண்டை கிழியக் கத்தினாள். மேலிருந்து நாரையார், "அந்தச் சத்தக்காரியை அப்பால் போகச் சொல்லுங்கள்" என்றார். அவள் போனாள். மணியன் கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. கிளைப் பக்கமே மறுபடி போகவில்லை. வெட்டவெளியில், சரளைக் கற்களுக்கு நடுவே முட்டையிட்டாள். முட்டையை விட்டு வெளியே வந்த அன்றைக்கே தன் குஞ்சுகளை எழுப்பி நடக்கவிட்டாள். யாரிடமும் அனுப்பிப் படிக்கவைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

அன்று தொடங்கியதுதான் இது: அந்தக் குலத்தில் ஒன்றுகூட மரத்தில் உட்காருவதில்லை, நாயோ நரியோ மனிதனோ, எது வந்தாலும், யார் வீட்டுக் குஞ்சு பக்கத்தில் இருந்தாலும், அந்தப் பறவை பறந்து பறந்து கத்துகிறது, ஊரோ, ஆளைக் காட்டிக்கொடுக்கிறவள் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறது.