ஹைட்ரஜன் பிடி விட்ட கதை

வாயுக்களெல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், வியாழன் கிரகத்தின் வயிற்றுக்குள் ஹைட்ரஜன் கூட்டம் குடியிருந்தது. அதுகளுக்கு ஒரு வழக்கம். ஒண்டியாய் யாரும் இருக்கக் கூடாது, இரண்டிரண்டாய்க் கைகோத்துத்தான் இருக்கவேண்டும். அப்படி ஒரு ஜோடிதான் ஆவுடையும் அவன் பொண்டாட்டி கோமுவும். தும்மினால்கூடச் சேர்ந்துதான் தும்முவார்கள்.

அங்கே அழுத்தம் என்று ஒரு மேஸ்திரி இருந்தான். ஜோடிகளை நெருக்கி வரிசையாய் விறைப்பாக நிறுத்துவது அவன் வேலை. அனல் ஊதி வரிசையைக் கலைத்து உருக்கி ஓடவிடுவது வெப்பத்தாளின் வேலை. அவன் நெருக்க நெருக்க, அவள் இன்னும் இன்னும் ஊத வேண்டியிருந்தது.

"ஏன்யா, கொஞ்சம் கையை எடேன். ஊதி ஊதி எனக்குத் தொண்டை வறண்டுபோச்சு!"

"அமுக்க அமுக்கத்தான் கெட்டி! இனி ஒருத்தனும் உருக மாட்டான், பாரு" என்று அவன் மீசையை முறுக்கினான்.

அத்தோடு விட்டானா? பாவி, இருந்த பலத்தையெல்லாம் போட்டு ஓர் அமுக்கு அமுக்கினான்.

கோமு அலறினாள். "ஏங்க, கையை விட்டுறாதீங்க! உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

"விடலையே கோமு, கெட்டியாத்தானே பிடிச்சிருக்கேன்!"

"அது என் கை இல்லீங்க!"

பார்த்தால், மூன்றாம் வரிசைக்காரனின் கை. "அட, நான் என் பொண்டாட்டின்னுல்ல நெனச்சேன்!" என்றான் அவன். அந்த நெரிசலில் யார் கை யாருடையது என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. கூச்சம் பிடுங்கித் தின்ன, எல்லோரும் ஒரே நேரத்தில் பிடியை விட்டார்கள்.

கோத்த கைகளுக்குள் ஜோடி ஜோடியாய்ப் பொத்தி வைத்திருந்த எலக்ட்ரான்கள் கூட்டமெங்கும் ஓட ஆரம்பித்தன. வெப்பத்தாள் சும்மா ஒரு பெருமூச்சுதான் விட்டாள். வரிசை மொத்தமும் இளகி ஓடிவிட்டது. மேஸ்திரிக்கு மூஞ்சி தொங்கிப்போயிற்று.

கோமு தேம்பித் தேம்பி அழுதாள். மனசு கேட்காமல் மேஸ்திரி அழுத்துவதைக் கொஞ்சம் தளர்த்தினான். அவள் அவசரமாய்ப் பக்கத்தில் இருந்த ஒரு கையைப் பற்றினாள்.

"நீங்கதானே?"

"நான்தான்" என்றது ஒரு குரல். ஹைட்ரஜன் எல்லாம் ஒரே மூஞ்சி. யார் கண்டது?

அன்றைக்குத் தொட்டுத்தான், ஹைட்ரஜனை அமுக்கினால் ஓரளவுவரை உருகமாட்டேன் என்று அடம்பிடிக்கும்; அதற்கும் மேல் அமுக்கினால் குறைந்த சூட்டுக்கே உருகி, மின்சாரத்தையும் ஓடவிடும். நெரிசல் தளர்ந்ததும் கைக்கு அகப்பட்ட கையைப் பிடித்துக்கொள்ளும், பழைய ஆள்தானா என்று மட்டும் கேட்காது.