பச்சை டிக்

மாதங்கி டீச்சர் தர்க்கம் சொல்லிக்கொடுப்பவர். கல்லூரியில் இல்லை, உறையூரில் தன் வீட்டில். ஒருவர் சொல்வதை எப்படிக் கேட்பது, எங்கே மறுப்பது, எங்கே வாயை மூடிக்கொள்வது என்பதுதான் பாடம். படிக்க வந்தவர்கள் இரண்டே பேர். தெய்வானை, டீச்சரைவிட வயதில் மூத்தவள். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வந்தவள். அருளப்பன் வக்கீல், கோர்ட் இல்லாத நாட்களில் வருவான்.

டீச்சர் பேசப் பேசத் தெய்வானை லேப்டாப்பில் தட்டிக்கொண்டே வருவாள். அந்தப் பாடங்கள் புத்தகமாக வரவேண்டும். டீச்சர் வேறு எதற்கும் ஆசைப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

டிவிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருந்தது. வீட்டு வைஃபையோடு இணைந்த சர்வர். லேப்டாப்பில் இருப்பதையெல்லாம் தினமும் மதியம் அது தானாகவே ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். அதைப் பார்த்துக்கொள்வது தெய்வானையின் பொறுப்பு. யார் ஒப்படைத்தார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. வீட்டில் இப்படிப்பட்ட பொறுப்புகள் எப்படிப் பெண்கள் தலையில் வந்து உட்காருமோ, அப்படி வந்து உட்கார்ந்தது.

ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் அணைத்துத் துடைத்துப் பொட்டு வைத்தார்கள். லேப்டாப்புக்கு, ரூட்டருக்கு, பெட்டிக்கு. மறுநாள் ஸ்விட்சைப் போட்டதும் பெட்டியைக் காணவில்லை என்றது லேப்டாப். பெட்டி அங்கேயேதான் இருந்தது, சந்தனப் பொட்டோடு.

தெய்வானை ஒயரை மாற்றிப் பார்த்தாள். பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடித்தாள். ரூட்டரை அணைத்துப் போட்டாள். கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால், எதிர்முனையில் இருந்தவன் வீட்டில் சார் யாராவது இருந்தால் பேசச் சொல்லுங்கள் என்றான். சார் எதற்கு என்று அவள் கேட்க, அவன் ஏதோ சொல்ல, அது பெரிய வாதமாகி, கடைசியில் அவன் மன்னிப்புக் கேட்டான். வாதத்தில் ஜெயித்துவிட்டாள். பெட்டி வரவில்லை. அடுத்த தடவை போனை எடுத்த வேறொருவன் சொன்னபடி பெட்டியில் இருந்ததை முழுக்க அழித்துப் புதிதாக ஆரம்பித்தும் பார்த்தாள். அசல்தான் லேப்டாப்பில் இருக்கிறதே.

பொட்டு வைத்ததில் ஏதோ கோபம் போல, ஒரு கற்பூரம் காட்டிப் பாருங்கக்கா என்றான் அருளப்பன். நீ வந்து காட்டு என்றாள் அவள். அவனுக்கு அன்று கோர்ட் இருந்தது.

நாட்கள் இப்படியே போயின. அவளுக்குக் கண் எரிந்தது, கழுத்து வலித்தது. ஒருநாள் பிடிபட்டது. எல்லாவற்றையும் மொத்தமாக அணைத்துப் போட்டதில் ரூட்டர் பெட்டிக்கு வேறொரு முகவரி கொடுத்திருந்தது. லேப்டாப்போ பழைய முகவரியிலேயே கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. புதிய முகவரியை எழுதினாள். அது இனி மாறாதபடியும் செய்தாள்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க எல்லாப் பாடங்களையும் அனுப்பினால் நேரமாகும். 'சோதனை' என்று ஒரு ஃபோல்டர் திறந்து, அதில் ஒரே ஒரு வரி தட்டி, இதை மட்டும் எடு என்றாள். பச்சை டிக் வந்தது. தெய்வானை நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு சாப்பிடப் போனாள்.

அதற்கப்புறம் தினமும் டிக் வந்தது. தினமும் பார்த்தாள்.

மார்கழியில் டீச்சருக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. அவசியமானதை மட்டும் பேசலாம், இனிமேல் பாடம் எடுக்க முடியாது என்றார் டாக்டர். எடுத்தவரைக்கும்தான் புத்தகம் என்று ஆயிற்று.

பொங்கல் கழிந்த வாரம் லேப்டாப் உயிரை விட்டது. கடைக்காரர் பிரித்துப் பார்த்து, டிஸ்க்கே போய்விட்டது, உள்ளே இருப்பதை எடுக்க வழியில்லை என்று கைவிரித்தார். தெய்வானை பதறவில்லை. பெட்டி இருக்கிறது.

அருளப்பனின் லேப்டாப்பில் டீச்சர் முன்னாலேயே பெட்டியைத் திறந்தாள். ஒரு ஃபோல்டர் இருந்தது. அதற்குள் ஒரு ஃபைல். ஃபைலுக்குள் ஒரு வரி.

'வருதா பார்ப்போம்.'

சோதனைக்குக் காட்டிய இடத்தை அவள் மாற்றவே இல்லை. பெட்டி தினமும் அந்த ஒரு வரியைத்தான் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறது. அருளப்பன் வேறு ஃபோல்டர் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தான். ஏதாவது கிண்டல் செய்தால்கூடத் தேவலை போலிருந்தது.

தெய்வானைக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

"தினம் டிக் காட்டிச்சு டீச்சர். பொய் சொல்லியிருக்கு."

"அதுகிட்ட என்ன கேட்டீங்க?" டீச்சரின் குரல் காற்றாகத்தான் வந்தது.

"முடிஞ்சுதான்னு."

"முடிஞ்சுது."

அதெப்படி என்று தெய்வானை பிடித்துக்கொண்டாள். ஒரே வரியைத் தினமும் எடுக்கிறோமே, இது சரிதானா என்று ஒரு வார்த்தை கேட்கும்படி செய்திருக்க வேண்டாமா? செய்து விற்றவனுக்குப் பொறுப்பில்லையா? அழிக்கச் சொன்னவனுக்கு? சார் யாராவது இருக்காரா என்று கேட்டானே, அவனுக்கு? டீச்சர் எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். அவள் சொன்னதில் எதுவும் தப்பில்லை.

அவள் மூச்சு வாங்கும்வரை காத்திருந்து டீச்சர் கேட்டார்.

"ஏன் ஒரு தடவைகூடத் திறந்து பாக்கலை?"

நேரமில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். இந்த வீட்டில் அப்படிப்பட்ட பதில் நிற்காது.

"பயமா இருந்துது. அவ்வளவு அல்லாடி வந்த டிக். திறந்து பாத்து உள்ள ஒண்ணுமில்லேன்னா, மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும். தெம்பில்லை டீச்சர்."

"எனக்கும் அந்தப் பயம்தான்."

"உங்களுக்கென்ன பயம்?"

டீச்சர் கொஞ்சம் வெந்நீர் குடித்தார்.

"ஒவ்வொரு பாடம் முடிஞ்சதும் புரிஞ்சுதுன்னு தலையாட்டுவீங்க. எங்க, திருப்பிச் சொல்லுங்கன்னு நான் கேட்டதே இல்லை."

அருளப்பன் தரையைப் பார்த்தான், அவனும் தலையாட்டியவன்தான்.

"இன்னிக்குக் கேக்கறேன். முதல் பாடம்."

அருளப்பன் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு தட்டத் தயாரானான். தெய்வானை ஆரம்பித்தாள். முதல் வாக்கியம் டீச்சர் சொன்னபடியே வந்தது. இரண்டாவது, பாதியில் நின்றது. வேறு வார்த்தை போட்டு முடித்தாள். மூன்றாவதில் டீச்சர் சொல்லாத உதாரணம் ஒன்று வந்து விழுந்தது, அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்திலிருந்து. அவள் கையைக் காட்டி அருளப்பனை நிறுத்தினாள்.

"அடிக்காத. டீச்சர், இது நீங்க சொன்னது இல்லை."

"நான் சொன்னது போயிடுச்சு" என்றார் டீச்சர். "நீங்க மேல சொல்லுங்க. தப்பா இருந்தா மறுக்கறேன். அதுக்குக் குரல் இருக்கு."