மலைமடத்தில் வைஃபை

வைஃபை வேறு, இன்டர்நெட் வேறு. இதை அறியாததுதான் மனித குலத்தின் பெருந்துயர் என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். மலைமடத்துக் குற்றாலிங்கத்துக்கு அப்படித் தோன்றாது.

குற்றாலிங்கம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வயது அறுபத்தேழு. அவருடைய குரு நிர்மலை அம்மாவுக்கு முப்பத்தாறு. குரு என்றால் சீடரைவிட மூத்தவர் என்பதும் தவறான நம்பிக்கைதான். அதை இன்னொரு நாள் திருத்திக்கொள்ளலாம்.

ஆயுத பூஜைக்கு மறுநாள். நார்வேயில் அவருடைய மகள்வழிப் பேத்திக்கு அன்று பெயர் சூட்டு விழா. குழந்தையின் காதில் தாத்தாதான் முதலில் பெயர் சொல்லவேண்டும். நாலு மணிக்கு வீடியோவில் அழைப்பதாக முந்தின நாள் காலையில் மகள் செய்தி அனுப்பியிருந்தாள். மலையில் செல்போன் டவர் எட்டாது. மடத்து வைஃபையை விட்டால் வழியில்லை.

மூன்றரைக்குக் கைபேசியை எடுத்தார். வைஃபை கோடுகள் நிறைந்திருந்தன. மகளுக்கு அனுப்பிய செய்தி மட்டும் போகவில்லை.

அலுவலகத்துக்கு ஓடினார். வைஃபை பெட்டியில் பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு காய்ந்திருந்தது. பெட்டியை அலமாரியிலிருந்து எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.

அந்தக் கோலத்தில்தான் அம்மா அவரைப் பார்த்தார்.

“என்ன ஐயா, சாமி வந்துடுச்சா?”

“சிரிக்காதீங்கம்மா. கோடு முழுசா காட்டுது. ஒண்ணும் போகல, ஒண்ணும் வரல.”

“பெட்டியை இறக்குங்க. நம்ம புத்தகக் கடை பிரிண்டருக்கு ஒரு போட்டோ அனுப்புங்க.”

“இப்பவா?”

“இப்பவே.”

அனுப்பினார். முற்றத்துக்கு அப்பால் பிரிண்டர் கரகரத்தது.

“அப்போ வைஃபைக்கு என்ன குறை?”

குற்றாலிங்கம் யோசித்தார். “குறை ஒண்ணும் இல்ல.”

“அது மடத்துக்குள்ள எல்லாருக்கும் பேசும். மதிலைத் தாண்ட அதுக்குக் கால் கிடையாது.”

அம்மா பெட்டியின் பின்னாலிருந்த மெல்லிய கறுப்பு வயரைத் தொட்டார். பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. வயர் போன வழியே நடக்கத் தொடங்கினார். குற்றாலிங்கம் பின்னால் போனார்.

“இதுல கரண்டா ஓடுது?”

“உள்ள தலைமுடி மாதிரி ஒரு கண்ணாடி இழை. அதுல வெளிச்சம் போகுது.”

“எதுவரைக்கும்?”

“மலை இறங்கி, ஊரெல்லாம் தாண்டி, கடலுக்கு அடியில. உங்க பேத்தி தொட்டில் வரைக்கும் பாதை இருக்கு.”

“நான் சொல்ற பேரு வெளிச்சமாவா போகும்?”

“வேற எப்படிப் போகும்?”

குற்றாலிங்கம் நின்றார். காலிலிருந்த செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார்.

வாசலில் மாவிலைத் தோரணம் ஆடிக்கொண்டிருந்தது. அம்மா அண்ணாந்து பார்த்தார். இலைகள் கறுப்பு வயரில் செருகப்பட்டிருந்தன. அதன் ஒரு வளைவு தூணோடு மடித்து இறுக முடியப்பட்டிருந்தது.

“யார் கட்டினது?”

“நான்தாம்மா. நேத்து சாயங்காலம். கயிறு பத்தல. இது சும்மாதானே தொங்குதுன்னு…” அவர் குரல் இறங்கியது. “உடைஞ்சுபோச்சா?”

“அவிழ்த்துப் பாருங்க. இவ்வளவு மடிச்சா வெளிச்சத்தால திரும்ப முடியாது.”

முடிச்சை அவிழ்த்தார். மடிந்த இடத்தைத் தடவி நேராக்கினார். இலைகளை ஒவ்வொன்றாக உருவினார். கைபேசியைப் பார்த்தார். ஒன்றுமில்லை. மறுபடி பார்த்தார்.

கைபேசியில் மணி அடித்தது.

திரையில் மகளின் தோள், ஒரு துணி, அதற்குள் கண் மூடிய சின்னஞ்சிறு முகம். அது கொட்டாவி விட்டது.

குற்றாலிங்கம் திரையின் மூலையைக் காட்டினார்.

“இங்க ஒரே ஒரு கோடுதாம்மா காட்டுது.”

“அந்தப் பக்கம் ஒரு காது காத்திருக்கு ஐயா.”

அவர் கைபேசியை வாயருகே கொண்டுபோனார்.

“குழல்மொழி,” என்றார். மூன்று முறை சொன்னார்.

மடத்தில் இப்போது தோரணத்துக்குச் சணல் கயிறு வாங்குகிறார்கள்.