அரசர் அள்ளாத முதல் பிடி மண்

அண்டைக் காடுகளின் ராஜாக்கள் எல்லாம் கூடிய மாநாட்டிலிருந்து மூங்கில்காட்டுச் சிங்கராஜா கழுத்து நிறைய மாலையோடு திரும்பினார். வந்த களைப்பு ஆறுவதற்குள் குளத்தங்கரைப் பாறையில் ஏறி நின்று கர்ஜித்தார்.

"குடிமக்களே! வருஷத்துக்கு வருஷம் வெயில் ஏறுகிறது. மழை நினைத்தால் வருகிறது, நினைத்தால் போகிறது. ஆகவே மழைக்காலத்துக்கு முன் நம் குளத்தைத் தூர்வாரி ஆழப்படுத்தப் போகிறோம். நம் காடு எல்லாவற்றுக்கும் தயார் என்று மாநாட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்!"

மயில்கள் ஆடின. குரங்குகள் கை தட்டின. நரி மந்திரி ஆனந்தக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டது.

கூட்டத்தின் பின்னால் நின்ற செம்பி என்ற காட்டுப்பன்றி மட்டும் சும்மா நின்றது. போன கோடையில் இதே குளம் வற்றிச் சேறாகிப் பாளம் பாளமாக வெடித்துப்போனது. செம்பியின் கடைசிக் குட்டி தண்ணீர் கிடைக்காமல் செத்தது. இப்போது மறுபடி குட்டிகள் பிறந்து அதன் காலைச் சுற்றி விளையாடிக்கொண்டிருந்தன. அடுத்த கோடையைத் தாண்டுமா என்ற பயம் செம்பிக்கு.

"எப்போ வெட்டப் போறீங்க மந்திரி?" என்று கேட்டது செம்பி.

"அதான் அறிவிச்சாச்சே!"

"அறிவிச்சா குளம் ஆழமாயிடுமா?"

"உனக்கு எல்லாத்துலயும் குதர்க்கம்!" என்று முறைத்துவிட்டு நரி போய்விட்டது.

மூங்கில்காட்டில் ஒரு வழக்கம் உண்டு. பொதுவேலை எதுவானாலும் முதல் பிடி மண்ணை ராஜாதான் அள்ள வேண்டும். அதற்கு முன் வேறு யாரும் அங்கே நகம் வைக்கக் கூடாது. ராஜாவுக்கோ சேறு என்றாலே ஆகாது. நகத்தில் துளி ஒட்டினாலும் அன்றைக்குப் பூராவும் நக்கிக்கொண்டிருப்பார். இது நரிக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் சொல்லி நல்ல நேரத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது.

செம்பி விடவில்லை. நீர்நிலைகளைக் கவனிக்கும் கரடியிடம் போனது.

"நான் தயார்! குரங்குங்க அளந்து குடுத்தா வேலை ஆரம்பம்!" என்றது கரடி.

"நாங்களும் தயார்! யானைங்க எந்தப் பக்கம் இறங்கும்னு சொன்னா அளந்துடுவோம்!" என்றன குரங்குகள்.

"ராஜா ஒரு பிடி மண்ணை அள்ளட்டும். நாங்க எப்பவோ தயார்!" என்றன யானைகள், காதை ஆட்டிக்கொண்டு.

தயாராக இருந்ததைத் தவிர அந்தக் காட்டில் யாரும் ஒரு துரும்பையும் கிள்ளிப் போடவில்லை. மேற்கே மேகம் கறுக்கத் தொடங்கியது. மழை பெய்துவிட்டால் பிறகு குளத்தில் இறங்க முடியாது.

செம்பிக்குப் பொறுமை போய்விட்டது. எல்லோரும் பார்க்க, பட்டப்பகலில் காய்ந்த குளத்தின் நடுவில் இறங்கியது. மூக்கால் முட்டி மண்ணைப் புரட்டத் தொடங்கியது.

"ஐயோ செம்பியக்கா! ராஜத்துரோகம்னு சொல்லுவாங்களே!" என்று கரையிலிருந்து பதறியது முள்ளம்பன்றி.

"சொல்லட்டும்! என் குட்டி செத்ததே, அதுக்கு என்ன பேரு சொன்னாங்க?"

முள்ளம்பன்றி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தானும் இறங்கியது. அப்புறம் முயல்கள் வந்தன. காட்டெருமைகள் வந்து மண்ணைக் கொம்பால் கரைக்குத் தள்ளின. மாலைக்குள் ஒரு குழி விழுந்தது. அடுத்தடுத்த நாட்களில் அது ஆழமாகிக்கொண்டே போனது.

செய்தி அறிந்து சிங்கராஜா பரிவாரத்தோடு கரைக்கு வந்தார்.

"நான் அள்ளுவதற்கு முன் மண்ணைத் தொட யார் அனுமதி கொடுத்தது?" என்று உறுமினார்.

"போன கோடை குடுத்துச்சு ராஜா!" என்றது செம்பி.

"மன்னிப்புக் கேள்! குழியை மூடு!" என்று கத்தியது நரி.

"மன்னிப்பும் கேக்க மாட்டேன், குழியையும் மூட மாட்டேன்! என்னைக் கொல்லணும்னா கொல்லுங்க. மத்தவங்க வெட்டுவாங்க!"

செம்பிக்குப் பின்னால் காட்டெருமைகள் கொம்பைத் தாழ்த்திக்கொண்டு நின்றன. ராஜா அதைக் கவனித்தார். பாய்வதை விட ஆணை போடுவது நல்லது என்று அவருக்குத் தோன்றியது.

"உடனே இந்தக் குழியை மூடுங்கள்! இது அரசாணை!"

"நான் தயார்! குரங்குங்க அளக்கட்டும்!" என்றது கரடி.

"யானைங்க இறங்குற பக்கம் தெரியட்டும்!" என்றன குரங்குகள்.

"மூடுறதும் பொதுவேலைதானே? முதல் பிடி மண்ணை ராஜா தள்ளட்டும்!" என்றன யானைகள்.

ராஜா குழியைப் பார்த்தார். அடியில் ஊற்று கசிந்து சேறு மினுமினுத்தது. தன் நகங்களைப் பார்த்துக்கொண்டார். "நல்ல நாள் பார்த்துச் செய்வோம்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். செம்பி அவர் முதுகைக்கூடப் பார்க்கவில்லை. விட்ட இடத்திலிருந்து வெட்டத் தொடங்கியது.

அந்த வருஷம் மழை கண்ணைக் காட்டிவிட்டுப் போய்விட்டது. கோடை பிறந்ததுமே குளம் வற்றியது. ஓடைகளும் வற்றின. செம்பியின் குழியில் மட்டும் தண்ணீர் நின்றது. காடே அங்கே வந்தது. முண்டியடித்தால் கரை சரிந்துவிடும் என்று செம்பி எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்தது. அதன் குட்டிகளும் வரிசையில்தான் குடித்தன.

ஒரு நண்பகலில் சிங்கராஜா வந்தார். விலா எலும்பு தெரிந்தது.

"விலகுங்கள்! ராஜா வந்திருக்கிறார்!" என்று கத்த வாயைத் திறந்தது நரி. நாக்கு ஒட்டிக்கொண்டு பாதிதான் வெளியே வந்தது.

எல்லோரும் செம்பியைப் பார்த்தார்கள். செம்பி இடத்தை விட்டு அசையவில்லை.

"தண்ணி உங்களுக்கும் உண்டு ராஜா. வரிசை அதோ, அந்த முயலுக்குப் பின்னால!"

ராஜா உறுமிப் பார்த்தார். வறண்ட தொண்டையிலிருந்து பூனைச் சத்தம்தான் வந்தது. காட்டெருமைகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. வேறெங்காவது போகலாம் என்றால் அங்கேயும் தண்ணீர் இல்லை. ராஜா மெல்ல நடந்து போய் முயலுக்குப் பின்னால் நின்றார்.

தன் முறை வந்தபோது முயல் கிடுகிடுவென்று நடுங்கியது.

"பயப்படாதே. அவசரமில்ல, வயிறு நிறையக் குடி!" என்றது செம்பி.

அறிவிப்பதையே வேலை என்று நினைக்கும் அரசு தயாராகட்டும் என்று காத்திருந்தால் தாகம்தான் மிஞ்சும். ஆகவே உயிரைக் காக்கும் வேலைக்கு எவருடைய முதல் பிடி மண்ணுக்காகவும் காத்திருக்கக் கூடாது.